பன்னிரண்டாவது படம்

காலை பத்து மணிக்கெல்லாம் ரூடி கோலார் என்பவர் முதியோர் இல்லத்து வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். நிறுத்துவது சுலபம், இறங்குவதுதான் பெரும் பாடு. எண்பத்தோரு வயதில் வலது முட்டி அவர் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்து, அந்தக் கால் பனிச்சேற்றில் வழுக்குமா வழுக்காதா என்று யோசித்து, அப்புறம்தான் மறு கால். இரண்டு வருடமாக இதே கூத்து. ஞாயிறு கிடையாது, கிறிஸ்துமஸ் கிடையாது. ஒஹையோ மாநிலத்துக் குளிர் கிழவனென்று பார்த்து இரக்கப்படுமா என்ன?

உள்ளே முன்மேசையில் வாண்டா உட்கார்ந்திருப்பாள். அந்த இல்லத்திலேயே சிரிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்பது ரூடியின் கணிப்பு.

"வாங்க பெரியவரே. வீட்டம்மா காலையில ரெண்டு முட்டை சாப்பிட்டாங்க. நல்லாத்தான் இருக்காங்க."

"என்னை யாருன்னு கேட்டாளா?"

"நீங்க இன்னும் உள்ளேயே போகலையே! போனாத்தானே கேப்பாங்க."

போனார். ஜன்னலோரம் அல்பினா உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தாறு வருடத்து மனைவி. அவரைப் பார்த்ததும் நிமிர்ந்து, வெளியாளுக்குக் காட்டுகிற சிரிப்பொன்றைக் காட்டினாள்.

"வாங்க, வாங்க. ஹீட்டர் ரிப்பேருக்கு வந்தவர்தானே?"

போன நவம்பரில் ஒருநாள் அறை குளிர்கிறதென்று அவர் மண்டியிட்டு ஹீட்டரின் திருகை முடுக்கியது தப்பாகப் போயிற்று. அன்றிலிருந்து அவர் ஹீட்டர்காரர்தான்.

"அல்பினா, நான் ரூடி."

"ரூடியா?" அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "நல்லாச் சொன்னீங்க போங்க. ரூடி இப்படியா இருப்பான்? உங்களுக்கு எங்க அப்பா வயசு இருக்கும். உக்காருங்க, நிக்காதீங்க. காலு வலிக்கப் போகுது."

அதுதான் அவரால் தாங்க முடியாதது. திட்டினால் தாங்கலாம், கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்தால்கூடத் தாங்கலாம். பக்கத்து அறைக் கிழவி தன் புருஷனைச் செருப்பால் அடிக்கிறாளாம். அந்த மனுஷன்மேல் ரூடிக்குப் பொறாமை. அடிப்பதற்காவது ஆளைத் தெரிந்திருக்க வேண்டுமே! அல்பினாவோ அவருக்கு 'நீங்க' போட்டு, காலைப் பார்த்து நடக்கச் சொல்லி, மரியாதையாகவே கொன்றுகொண்டிருந்தாள்.

இல்லத்தில் ஆலோசனை சொல்வதற்கென்று ஒரு பெண் வருவாள். பிப்ரவரியில் அவள் ரூடியைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள்: "அவங்க மனசுல உங்க சின்ன வயசு முகந்தான் நிக்குது. அந்தக் காலத்துப் படம் ஒண்ணு கொண்டுவந்து குடுங்க. அதைத் தினம் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமா உங்க முகத்துக்கு வந்து சேரலாம். நிச்சயம்னு சொல்ல மாட்டேன். சில பேருக்கு நடந்திருக்கு."

நிச்சயமில்லை என்ற பாதி ரூடியின் காதில் ஏறவே இல்லை. நடந்திருக்கிறது என்ற பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

படத்துக்கு எங்கே போவது? கல்யாணப் படங்கள் எழுபத்துநாலாம் வருடம் நிலவறைக்குள் வெள்ளம் புகுந்தபோது கஞ்சியாகிவிட்டன. பட்டாளத்தில் எடுத்த படம் இருக்குமென்றால், தட்டைப் பாதமென்று பட்டாளத்தில் அவரைச் சேர்க்கவே இல்லை. பிள்ளைகள் பிறந்திருந்தால் அவர்கள் வீட்டிலாவது ஏதாவது கிடந்திருக்கும், பிறக்கவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு எடுத்தவை நாலைந்து இருந்தன. எல்லாவற்றிலும் வழுக்கை. அல்பினா அவற்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு இந்தக் கிழவன்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இதில் சிரிப்பு என்னவென்றால், அல்பினா போட்டோ எடுப்பதையே தொழிலாக வைத்திருந்தவள். பத்தொன்பது கோடைகள், ஊருக்கு வெளியே ஹோலப் பூங்காவில். பெரிய பூங்கா ஒன்றுமில்லை. சோளக்கொல்லைக்குப் பக்கத்தில் ஏழு ராட்டினங்கள், எல்லாமே பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு. ரூடி படகு ராட்டினத்தை ஓட்டினார். வட்டமான தகரத் தொட்டியில் முழங்கால் தண்ணீர், அதில் ஆறு குட்டிப் படகுகள், ஒவ்வொன்றிலும் ஒரு மணி. பிள்ளைகள் அந்த மணியை அடித்து அடித்து அவருக்கு இடது காது போனதுதான் மிச்சம்.

ஓட்டத்துக்கு நடுவில் ஒரு நிமிடம் ராட்டினத்தை நிறுத்த வேண்டும். அல்பினா காமிராவை வயிற்றோடு அணைத்து, குனிந்து கண்ணாடிக்குள் பார்த்து, மோவாயை ஒரு வெட்டு வெட்டுவாள். உடனே ரூடி விசைப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட வேண்டும். முதலாளி ஹோலப்பின் சட்டம் அது. "அம்மாக்காரி காசு குடுக்கறது அவ பிள்ளை மூஞ்சிக்கு. உன் மூஞ்சி பின்னால தெரிஞ்சா எவ வாங்குவா?" என்பார். அடுத்த ஞாயிறு படத்தை வாங்க வருகிற சாக்கில் குடும்பம் மறுபடி ராட்டினம் ஏறும். ஹோலப் பூங்கா பிழைத்ததே இந்தத் தந்திரத்தில்தான்.

ஆக, பத்தொன்பது கோடைகள் ரூடி உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். இன்றைக்கு முட்டி போனதற்கு டாக்டர் என்னென்னவோ பெயர் சொல்கிறார். ரூடிக்குக் காரணம் தெரியும். ஒருமுறை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டிலோ மூன்றிலோ, வெட்கத்தை விட்டுக் கேட்டும் பார்த்தார். "என்னையும் ஒண்ணு எடேன் அல்பினா."

"போடா, ஃபிலிமுக்குப் பிடிச்ச கேடு" என்று சொல்லிவிட்டு அடுத்த ராட்டினத்துக்குப் போய்விட்டாள்.

விளையாட்டாகச் சொன்னதுதான். இருந்தாலும் அது அவருக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. ஊர்ப் பிள்ளை ஒவ்வொன்றையும் தலை சாய்த்துச் சாய்த்து எடுத்தவளுக்குப் புருஷன் மூஞ்சி மட்டும் ஃபிலிமுக்குக் கேடாகிவிட்டதா? வாய்விட்டுக் கேட்கவில்லை. நாற்பத்தைந்து வருடமாகக் கேட்கவில்லை. இப்போது கேட்கலாமென்றால் அவள் ஹீட்டரைப் பற்றிப் பேசுகிறாள்.

மார்ச் மாதம் உள்ளூர்ப் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. ஹோலப் பூங்காவின் பழைய படங்கள் நூலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. படத்தில் இருக்கும் குழந்தைகளின் பெயர் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். ரூடி அல்பினாவின் அறையிலிருந்து நேராக அங்கே போனார்.

நீள மேசைகளில் படங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். யாரும் வாங்காமல் மீந்தவை, முந்நூறுக்கு மேல் இருக்கும். மேசைக்குப் பின்னால் நின்றது வெர்னன். அந்தக் காலத்தில் அதே பூங்காவில் மட்டக்குதிரைகளை வட்டமாக நடத்திக்கொண்டு போவான். இப்போது அவனுக்கே எழுபது ஆகியிருந்தது. பூங்காவை இடித்து டயர் கடை கட்டியபோது, அலுவலக அறையிலிருந்து பெட்டி பெட்டியாக இவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தவன் அவன்தான்.

"ரூடி அண்ணே! இன்னும் இருக்கீங்களா?"

"உன் தொல்லையிலேர்ந்து தப்பிக்க முடியலியே. என் படம் ஏதாவது இருக்கா, பாரு."

"உங்க படமா? எல்லாரும் அவங்கவங்க பிள்ளைங்களைத் தேடி வர்றாங்க. நீங்க உங்களையே தேடி வர்றீங்க."

ரூடி விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் வெர்னன் கேலியை விட்டுவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

இருவருமாகப் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தேடினார்கள். படகு ராட்டினம் மட்டும் நூறு படத்துக்கு மேல். தொப்பி போட்ட பையன்கள், பல் விழுந்த பெண்கள், அழுது முகம் வீங்கினவர்கள், மணிக்கயிற்றை வாயில் வைத்துச் சப்புகிறவன் ஒருவன். ரூடியும் இருந்தார்தான். ஒன்றில் முழங்கை, ஒன்றில் தொப்பியின் விளிம்பு. இன்னொன்றில் விசைப்பெட்டிக்குக் கீழே ஒரு பூட்ஸ் கால், கயிறு அவிழ்ந்திருந்தது.

"அண்ணே, உங்களை மாதிரி ஒளியற ஆளை நான் பார்த்ததே இல்ல. போலீஸ் தேடின ஆளா நீங்க?"

"முதலாளி சொன்னா செய்யணும்ல."

"நானுந்தான் அவர்கிட்ட வேலை பார்த்தேன். என் மூஞ்சி குதிரைக்குப் பக்கத்துல பாதிப் படத்துல இருக்கு. எவன் இவ்வளவு ஒழுங்காக் குனிஞ்சான்?"

ரூடி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். மூன்று மணி நேரமாகிவிட்டது. கண் எரிந்தது. சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தவன் என்று பெயரெடுத்ததற்குப் பலன் ஒரு பூட்ஸ் கால்! கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். எழும்போது முட்டி மடக்கென்றது.

"நெகட்டிவ் இருக்கு" என்றான் வெர்னன். "ரெண்டு சுருட்டுப் பெட்டி நிறைய. யாரும் இன்னும் பார்க்கல."

"அதுலயும் இதே பிள்ளைங்கதானே?"

"பதினொண்ணு பிள்ளைங்க. பன்னண்டாவது?"

ரூடி நின்றார். அது இன்னொரு ஹோலப் சட்டம். ஒரு ஃபிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படம். வெயிலில் நின்றபடியே சுருளை வெளியே எடுக்கும்போது கடைசிப் படத்தின் ஓரத்தில் வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போவது உண்டு. அப்படி ஒருதரம் கெட்டு, ஒரு தாய் வந்து சண்டை போட்டதிலிருந்து, பன்னிரண்டாவதில் காசு கொடுக்கிற பிள்ளையை எடுக்கக் கூடாது, அதை அச்சும் போடக் கூடாது என்று ஹோலப் சொல்லிவிட்டார். அது கழிவுக் கணக்கு.

"அதுல என்ன இருக்கப் போகுது? தரையை எடுத்திருப்பா."

"தரையா வானமான்னு பார்த்துட்டுத்தான் போங்களேன். வீட்ல யாரு காத்துக்கிட்டிருக்கா?" சொன்ன பிறகுதான் வெர்னன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ரூடி அதைக் கண்டுகொள்ளவில்லை. உண்மைதானே.

கீழிருந்து வெளிச்சம் வரும் பெட்டியின் மேல் வெர்னன் முதல் துண்டை வைத்தான். ஓரத்தில் எண் போட்டிருந்தது. ரூடி குனிந்து பன்னிரண்டைப் பார்த்தார். குட்டிப் படகுக்குள் முழங்கால் மோவாயில் இடிக்க ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். கையில் கடித்த ரொட்டி. தலை முழுக்கத் தும்பையாக நரைத்திருந்தது.

"யாருடா இது? இந்த வயசுல படகுல ஏறி உக்காந்திருக்கான்?"

"அண்ணே, நெகட்டிவ்ல கறுப்பெல்லாம் வெள்ளையாத் தெரியும். அது கறுப்பு முடி." வெர்னன் குரல் இறங்கியது. "உங்க முடி."

அடுத்த துண்டு. பன்னிரண்டில் ரூடி, வேலியில் சாய்ந்து தூங்குகிறார். அடுத்ததில் முதுகு மட்டும், வியர்வையில் சட்டை ஒட்டிக்கிடக்கிறது. ஒன்று முழுக்க வெளிச்சம் பட்டுக் கறுத்துப் போயிருந்தது. அதற்கடுத்ததில் ஒரு பையனின் மூக்கைத் தன் கைக்குட்டையால் சிந்திவிடுகிறார், முகத்தில் அப்படி ஓர் அருவருப்பு. அறுபத்தோரு சுருள்கள் இருந்தன. அவற்றில் நாற்பத்தேழு சுருளில் பன்னிரண்டாவது படம் அவர். எதிலும் காமிராவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே!

"படுபாவி" என்றார் ரூடி. மூக்கை உறிஞ்சினார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஒரே ஒரு வார்த்தை."

வெர்னன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே அடுக்கியிருந்த படங்களைக் கலைத்து மறுபடி அடுக்கினான்.

அச்சுப் போட்டு வர ஒரு வாரமாயிற்று. அந்த வாரம் முழுக்க ரூடி ஹீட்டர்காரராகவே போய் வந்தார். அதுகூட அவ்வளவாக வலிக்கவில்லை. அவள் "குளிருது" என்றால் திருகை முடுக்கினார். அடுத்த செவ்வாய் வீட்டில் இரண்டு தரம் முகம் மழித்துக்கொண்டார். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, போகிற வழியில் அவளுக்குப் பிடித்த பாதாமிப் பழம் வைத்த கொலாச்சே ரொட்டி இரண்டு வாங்கினார்.

"என்ன பெரியவரே, பொண்ணு பாக்கப் போறாப்ல இருக்கு!" என்றாள் வாண்டா.

"ஆமாம். எனக்காகக் கொஞ்சம் வேண்டிக்கோ."

அச்சுப் போட்டு வாங்கிய ஐந்து படங்களில் அவர் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கியது ஒன்றுதான். காலை நேரம், பூங்கா திறப்பதற்கு முன்னால். பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தொட்டித் தண்ணீரில் நிற்கிறார். இரண்டு கையாலும் ஒரு படகைப் பிடித்தபடி, எதையோ பார்த்துத் தலையைத் திருப்பிச் சிரிக்கிறார். வலது ஓரம் வெளிச்சம் பட்டு வெளுத்துக் கிடந்தது. முப்பத்தேழு வயது இருக்கும். இவ்வளவு லட்சணமாகவா இருந்தோம் என்று அவருக்கே ஆச்சரியம்.

அல்பினா படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். தொழில்காரி, வெளிச்சத்தை மறக்கவில்லை. வெகுநேரம் பார்த்தாள்.

"ரூடி" என்றாள்.

"ஆமாம்!" அவர் ஓர் அடி முன்னால் வந்தார். "ஆமாம், அல்பினா. ரூடிதான்."

"எங்க கிடைச்சுது இது? இதை அச்சே போடலியே." அவள் முகம் விளக்கைப் போட்டதுபோல் ஆகிவிட்டது. இரண்டு வருடமாக அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. "கடைசிப் படம் கழிவுன்னு விட்டுருவாங்க. எனக்கு மனசு வராது. அதுல இவனை எடுத்துருவேன். நெகட்டிவைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்துட்டு, பெட்டியில வெச்சிருவேன்."

"அவன்கிட்ட ஏன் காட்டல?"

"காட்டினா போச்சு! மறுநாள்லேர்ந்து முடியைச் சீவிக்கிட்டு, பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பான். அப்புறம் அது என் ரூடியா? ஒருநாள் அவனே கேட்டான், என்னை எடுன்னு. ஃபிலிமுக்குப் பிடிச்ச கேடுன்னு விரட்டிட்டேன்." அவள் சிரித்தாள். "பாவம், மூஞ்சி சுருங்கிப் போச்சு. நீங்க சொல்லிராதீங்க."

"சொல்ல மாட்டேன்." அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு நேராகக் குனிந்தார். "அல்பினா. இங்க பாரு. அது நான்தான். நல்லாப் பாரு."

அவள் பார்த்தாள். படத்தை, அவரை, மறுபடி படத்தை. புருவம் சுருங்கிற்று. வந்துவிடும் வந்துவிடும் என்று அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"சாடை இருக்கு" என்றாள். "நீங்க அவனுக்குப் பெரியப்பா முறையா? கல்யாணத்துக்கு வந்திருந்தீங்களோ? மன்னிச்சுக்குங்க, அன்னிக்கு ஏகப்பட்ட கூட்டம்."

ரூடி மெதுவாக நிமிர்ந்தார். கொலாச்சேப் பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்தார்.

"நீங்க இவ்வளவு தூரம் வந்து படம் குடுத்தது பெரிய உபகாரம்" என்றாள் அவள். படத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள். "ஆனா தப்பா எடுத்துக்காதீங்க. இவன் வேலை முடிஞ்சு ஆறு மணிக்கு வந்துருவான். நாள் முழுக்கத் தண்ணியில நின்னு களைச்சுப்போய் வருவான். அந்த நேரத்துல அறையில வேத்து ஆம்பள உக்காந்திருந்தா நல்லா இருக்குமா? நீங்க கிளம்புங்க. நான் தலையைக் கொஞ்சம் சீவிக்கணும்."

அவர் கோட்டையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். நடைகூடத்தில் சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, கோட்டை மடியில் போட்டுக்கொண்டார்.

மருந்துத் தட்டோடு அந்தப் பக்கம் வந்த வாண்டா நின்றாள். "என்ன பெரியவரே, அதுக்குள்ள வெளிய வந்துட்டீங்க? படம் பார்த்தாங்களா?"

"பார்த்தா. தெரிஞ்சுக்கிட்டா."

"அட, தெரிஞ்சுக்கிட்டாங்களா! அப்புறம் ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

"அவ புருஷன் வர்ற நேரமாம். நான் இருக்கக் கூடாதாம்."

வாண்டா தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "எப்ப வர்றாராம்?" என்று கேட்டுவைத்தாள்.

"ஆறு மணிக்கு."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றேகால். "வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்களேன்" என்றாள் வாண்டா. "கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு. நாளைக்கு வரலாம்."

"எப்படிப் போறது?" என்றார் ரூடி. "ஆறு மணிக்கு அவன் வரலேன்னா அவ அழுவா. அப்போ யாராவது பக்கத்துல இருக்கணும்ல."